தையல்நாயகியின் எடை

நன்னிலம் தையல்நாயகியின் உடம்பு கனக்கத் தொடங்கியதை முதலில் கண்டுகொண்டவை இரண்டு வண்டி மாடுகள். மணப்பாறைச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்து வாங்கிய நல்ல மாடுகள்தான் அவை. திரைச்சீலைகளும் மரக்கிரீடங்களும் தகரக் கத்திகளும் அடைத்த பெட்டிகளை எத்தனையோ மேட்டில் இழுத்துக்கொண்டு போனவை. ஆனால் கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, புதுக்கோட்டைச் சாலையில், அவள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்ததும் முன்னங்கால்களை மடக்கித் தரையில் படுத்துவிட்டன. வண்டிக்காரன் வாலை முறுக்கினான், அதட்டினான், கடைசியில் கெஞ்சினான். அவள் இறங்கியதும் எழுந்து நின்றன. ஏறியதும் படுத்தன. மூன்றாவது முறை மாடுகள் படுக்கவில்லை, அச்சு முறிந்தது.

அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. ஒடிசலான உடம்பு. அவள் கழுத்தெலும்புப் பள்ளத்தில் ஒரு கரண்டி எண்ணெய் நிற்கும் என்று நாடக சபாவில் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவளை ஏன் வண்டி தாங்கவில்லை என்று நின்று யோசிக்க நாடகக்காரர்களுக்கு நேரம் ஏது? மறுநாள் ஆட்டம் இருந்தது. அவளை நடத்தியே கூட்டிக்கொண்டு போனார்கள், பன்னிரண்டு மைல், அவள் கால் வைத்த இடமெல்லாம் சாலைச் சரளை நொறநொறவென்று பொடிந்துகொண்டே வந்தது.

அவள் மங்கள வினோத சபாவில் சேர்ந்தது பதினைந்து வயதில். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது; ஒரு பெண்ணே பெண்ணாக மேடையில் வந்து நிற்கிறாள் என்றால் கூட்டம் வரும், கூட்டத்தில் பாதி கையில் கல்லோடு வரும். முதல் ஏழு வருஷம் அவளுக்குத் தோழி வேஷம்தான். மாலையைத் தட்டில் ஏந்தி நிற்பாள், அரசர் வருகிறார் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள், கல் வந்தால் தட்டால் முகத்தை மறைத்துக்கொள்வாள். ஆட்டம் முடிந்தால் ஊர்ப் பெரிய மனிதரின் ஆள் ஒருவன் கொட்டகைக்குப் பின்னால் கூண்டுவண்டியோடு காத்திருப்பான். அவனைத் துரத்துவது உடுப்புக்காரி மரியபுஷ்பத்தின் வேலை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரியான அவள் ஜரிகை வெட்டும் கத்தரிக்கோலைக் கையில் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள், யாரையும் ஒன்றும் சொல்லமாட்டாள், கத்தரிக்கோலை மட்டும் திறந்து திறந்து மூடுவாள்.

சபாவின் முதலாளியும் ஆசிரியருமான உமாபதி வாத்தியார் எழுதிய நாடகங்களில் ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது பூவரசி நாடகம். பூவரசி என்ற ராணி நாட்டை இழப்பாள், கணவனை இழப்பாள், கடைசியில் வெள்ளத்தில் போன ஒரே மகனைத் தோளில் போட்டுக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்து பன்னிரண்டு பாட்டுப் பாடி அழுவாள். அந்த வேஷத்தைப் பல வருஷம் கட்டிய தம்புசாமிக்குக் கும்பகோணத்தில் தொண்டை கட்டி, கட்டினது கட்டினதுதான் என்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் வாத்தியார் தையல்நாயகியைக் கூப்பிட்டார்.

அவள் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொன்னாள். மத்தளத்தையும் நிறுத்தச் சொன்னாள். துணிப்பொம்மையை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தாள். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முதலில் விம்மினாள், பிறகு அவளுக்கு அடுத்தவள், பிறகு வரிசை வரிசையாக அத்தனை பேரும், பிறகு ஆண்கள் பக்கத்திலும் துண்டுகள் முகத்துக்குப் போயின. அழுதவர்கள் விடிந்து வீட்டுக்குப் போகும்போது தலைச்சுமையை எங்கோ இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள்போல நடந்தார்கள். புருஷன் செத்து மூன்று வருஷமாகச் சரியாகச் சாப்பிடாத ஒரு பாத்திரக்காரர் வீட்டுப் பெண் அன்று காலை இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். இனிமேல் தூக்கத்தில் அலறமாட்டேன் என்று ஒரு கிழவர் சொன்னார், அலறவுமில்லை.

தையல்நாயகிக்கோ தோளில் ஈரத்துணியைப் போட்டதுபோல இருந்தது. அசதி என்று நினைத்துக்கொண்டாள். அது நான்கு வருஷம் ஏறிக்கொண்டே போய்த்தான் புதுக்கோட்டைச் சாலையில் அச்சை முறித்தது.

திண்டுக்கல் ஸ்டேஷனில் பார்சல் நிறுக்கும் இயந்திரத்தில் அவளை ஏற்றினார்கள். பார்த்தால் தொண்ணூறு ராத்தல் தேறமாட்டாள்; முள் முந்நூற்று எண்பதில் போய் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இவரைப் பயணி என்று எழுதுவதா சரக்கு என்று எழுதுவதா என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார். பயணி, ஆனால் பெட்டியின் நடுவில் உட்கார வேண்டும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்த ரயில் பாதையில் அதுவே வழக்கமாயிற்று. யாரும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காரணம் மட்டும் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நாம் அழுததெல்லாம் அவளிடம் போய்ச் சேருகிறது என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள், மழை பெய்தால் ஏரி நிறைகிறது என்பதுபோல. சபா வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஊர்க்காரர்கள் மேடைக்கு அடியில் கருங்கல் இறக்கினார்கள். காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரில் தேக்குமரத்தில் முழு மேடையே கட்டினார்கள். ரங்கூன் கப்பலில் அவளைத் தளத்தின் நட்டநடுவில் உட்காரவைத்து, அவள் குளிக்கப் போகும்போது மட்டும் எதிர்ப்பக்கத்துக்கு அரிசி மூட்டைகளை நகர்த்தினார்கள். அவள் தங்கின வீட்டில் தரை விரிசல் விட்டால் வீட்டுக்காரர்கள் அந்த விரிசலுக்குக் குங்குமம் வைத்தார்கள். அவள் எடையில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பேச்சு நடந்தது. அதில் ஆறு ராத்தல் எங்கள் மாமனாருடையது என்று ஒரு முன்சீப்பின் மனைவி கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டாள், அதைவிடக் குறைவாக யாரும் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

வருஷங்கள் போகப்போக ஜனங்கள் அழுகையைத் தள்ளிப்போடப் பழகினார்கள். மாசியில் செத்தவருக்குச் சித்திரையில் பூவரசி வரும்போது அழுதுகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒப்பாரி சொல்லும் பெண்கள் இரண்டு பேர் திருவையாற்றிலிருந்து வந்து, இந்தப் பெண்ணால் எங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்று உமாபதி வாத்தியாரிடம் முறையிட்டார்கள். அவர் இருவருக்கும் காப்பி கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைத்தார். அவர்களும் அழுதார்கள், இலேசாகத் திரும்பிப் போனார்கள். இரண்டாம் முறை அதே ஊருக்குப் போகும்போது பெண்கள் மல்லிகைப் பந்தும் சிரித்த முகமுமாகத் தையல்நாயகியைப் பார்க்க வருவார்கள். போன தடவை ரொம்ப அழுதேன் என்பார்கள். எதற்காக என்று கேட்டால் ஒரு கணம் தடுமாறி, என்னவோ, நினைவில்லை என்பார்கள்.

அவள் உட்கார எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கயிற்றுக்கட்டில் தாங்காது, தரையில்தான் படுக்கை. கோவிலில் பிராகாரம் சுற்றமாட்டாள், கல் பிளந்துவிடும் என்று வெளியே நின்று கும்பிடுவாள். மேடையில் மட்டும் பன்னிரண்டு பாட்டுக்கும் யாரும் அவளை எடை உள்ளவளாகப் பார்த்ததில்லை. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்தால் காற்று ஒரு சேலையைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருக்கும். இறங்கினதும் மரியபுஷ்பம் அவள் பாதங்களை வெந்நீரில் வைத்துப் பிடித்துவிடுவாள்.

“வலிக்கா, தையலு?”

“வலின்னு இல்ல. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரியே இருக்கு. பத்தொன்பது வருஷமா இப்படித்தான் இருக்கு.”

நாற்பத்தொரு வயதில் அவள் ஆயிரத்து நூற்று எண்பது ராத்தல் இருந்தாள். அந்த வருஷம் ஆவணியில் சபா சாத்தூருக்குத் தெற்கே செம்புலிப்பட்டி என்ற ஊரில் கொட்டகை போட்டிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கண்ணயர்ந்த நேரத்தில், செம்மண் புழுதியில் நடந்து கால் முட்டிவரை சிவந்த ஒருத்தி உடுப்புக் கொட்டகைக்குள் வந்து நின்றாள்.

“இங்க பூவரசி யாரு?”

“நான்தான். உட்காருங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க.”

“உக்கார வரல. எம்மவன் ஒங்கிட்ட இருக்கான். வாங்கிட்டுப் போவ வந்தேன்.”

அவள் பெயர் மாடத்தி. பருத்திக்காட்டில் கூலிக்குப் போகிறவள். நான்கு வருஷத்துக்கு முன்னால் சாத்தூரில் பூவரசி நாடகம் பார்த்து அழுதிருக்கிறாள். கிணற்றில் விழுந்து செத்துப்போன மகனுக்காக அழுததாக அவள் புருஷன் சொல்கிறான். மகன் இருந்தான் என்பதையும் புருஷன்தான் சொல்கிறான்.

“அழுகைய எடுத்துக்கிட்ட, சரி, நல்லதுன்னுதான் நெனச்சேன்,” என்றாள் மாடத்தி. “வீட்ல ஒரு சின்னச் சட்ட கெடக்கு. யாரு சட்டன்னு அந்த மனுசங்கிட்டக் கேட்டேன். அவரு என்னயப் பாத்த பார்வ இருக்கே. அன்னையிலேருந்து அவரு எங்கூட ஒரு தட்டுல திங்கிறதில்ல. எனக்கு அவன் மூஞ்சி தெரியல. ஒரு மூஞ்சி தெரியாம நான் எப்படி அவனப் பெத்தவ?”

தையல்நாயகியிடம் இதுவரை எல்லாரும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். திருப்பிக் கேட்டு ஒருத்தி வந்ததில்லை.

“எப்படிக் கொடுக்கறதுன்னு எனக்குத் தெரியலையேம்மா.”

“பாடித்தான வாங்குன? பாடிக் குடு.”

“பாடினா இன்னும் வரும். போகாது.”

ஜரிகையைப் பிரித்துக்கொண்டிருந்த மரியபுஷ்பம் தலையைத் தூக்கினாள். “பாடாத. சும்மா சொல்லு. அவ புள்ள ஒனக்குள்ள இருந்தா அவன் எப்படி இருந்தான்னு ஒனக்குத் தெரியுமில்லா?”

தையல்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். பத்தொன்பது வருஷமாக அவள் அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்கிறாள், உள்ளே திரும்பிப் பார்த்ததில்லை, பார்க்கப் பயம். இப்போது பார்த்தாள். எண்ணற்ற பேர் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இருட்டில், இந்தப் பெண்ணின் குரல் கேட்டு ஒன்று மட்டும் அசைந்துகொடுத்தது.

“ஆறு வயசு,” என்றாள் மெதுவாக. ராகமில்லை, மேடைக்குரல் இல்லை, களைத்துப்போன ஒரு பெண்ணின் சாதாரணக் குரல். “இடது புருவத்துல ஒரு வெட்டு. அரிவாள்மணையில விழுந்தது. வறுத்த புளியங்கொட்டையை எப்பவும் கன்னத்துல அடக்கி வச்சிருப்பான். உங்களை அம்மான்னு கூப்பிடமாட்டான், மாடத்தின்னு பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், அவங்க அப்பா கூப்பிடற மாதிரியே. நீங்க அடிக்கக் கை ஓங்குவீங்க, அடிச்சதில்ல. பேரு சுடலைமுத்து.”

மாடத்தி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். கொட்டகை முழுவதும் தரை அதிர்ந்தது. ஆடையலங்காரப் பெட்டிமேல் இருந்த கண்ணாடி விழுந்து உடைந்தது. அவள் வாயிலிருந்து முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்த சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த நடிகர்கள் எல்லாரும் எழுந்து ஓடிவந்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை. அழுது முடித்து எழுந்திருக்க முயன்றபோது பாரம் அவளைத் திரும்ப உட்காரவைத்தது. மரியபுஷ்பம் கை கொடுத்தாள்.

“கனக்குது,” என்றாள் மாடத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஆமா. இம்புட்டுத்தான் இருந்துச்சு.” பதினோரு மைல் நடந்து ஊருக்குப் போனாள். அவள் போனபின் தையல்நாயகியை நெல் மண்டித் தராசில் நிறுத்தார்கள். பதினோரு ராத்தல் குறைந்திருந்தது. மறுநாள் காலையில் மரியபுஷ்பம் சுடலைமுத்து என்ற பெயரைச் சொன்னபோது, யாரது என்று அவள் கேட்டாள்.

மாடத்தி வந்துபோன அன்றே, இரவு ஆட்டத்துக்கு வேஷம் கட்டமாட்டேன் என்று அவள் சொன்னதும் உமாபதி வாத்தியார் ஓடிவந்தார். அவர் கெட்டவர் அல்லர். அவளுக்காகப் பல ஊர்களில் கல்லடி பட்டவர், ஒரு காது சரியாகக் கேட்காது.

“தையல், இந்தப் பாட்டுக்குத்தானம்மா ஜனம் வருது. முப்பது பேர் இந்தச் சபையில சாப்பிடறாங்க. ஒருத்தி வந்து கேட்டா கொடுத்தாச்சு, சரி. அதுக்காக?”

“கொடுத்துட்டுப் போனவங்க அத்தனை பேருக்கும் முகம் மறந்துபோயிருக்கு வாத்தியாரே. அவங்க செத்தவங்க எல்லாம் என்கிட்டதான் இருக்காங்க. நான் போயிட்டா?”

“நீ வேணும்னேவா எடுத்தே? அவங்களா இறக்கி வச்சாங்க.”

“ஆமா. ஆனா எங்க இறக்கி வக்கறோம்னு அவங்க பார்க்கல. நானும் சொல்லல. கைதட்டினாங்க, நின்னுட்டேன்.”

வாத்தியார் அவள் காலடியில் உட்கார்ந்து கொஞ்சநேரம் துண்டைப் பிசைந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம். பிறகு தன் கையாலேயே பெட்டியிலிருந்து அவளுடைய சொந்தச் சேலைகளை எடுத்துவைத்தார். அடுத்த மாதம் வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தார். அவள் நன்றாகவே பாடினாள். ஜனங்கள் கேட்டார்கள், தலையாட்டினார்கள், அவரவர் துக்கத்தோடு வீட்டுக்குப் போனார்கள். இரண்டு வருஷத்தில் சபா கலைந்தது.

தையல்நாயகியும் மரியபுஷ்பமும் இரும்பு அச்சுப் போட்ட ஒரு வண்டியில், நான்கு மாடு பூட்டி, பாடிய ஊர்களுக்கெல்லாம் திரும்பிப் போனார்கள். சந்தை கூடும் இடத்தில், மரத்தடியில், பகல் வேளையில் அவள் உட்கார்ந்துகொள்வாள். வேண்டியவர்கள் வரலாம் என்று மரியபுஷ்பம் சொல்லிவிட்டு வருவாள். சிலர் வந்தார்கள். ஒருத்திக்கு அக்காளின் சிரிப்பு, ஒருவருக்கு அப்பாவின் சுருட்டு வாசனை, ஒரு கிழவருக்கு முப்பது வருஷத்துக்கு முன் ஓடிப்போய்த் திரும்பி வராத தம்பி. கேட்டு, கனத்து, ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கனத்தில் வார் அறுந்த செருப்புகளால் சில ஊர்களில் செருப்புத் தைப்பவர்களுக்கு அந்த வாரம் நல்ல வேலை.

ஆனால் பெரும்பாலான வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. தேக்கு மேடை கட்டின ஊரில், வண்டி எல்லைக்குள் வரவேண்டாம் என்று இரண்டு பேர் வந்து மரியாதையாகச் சொன்னார்கள், இளநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். முன்சீப்பின் மனைவி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தான் ஊரில் இல்லை என்று வேலைக்காரி மூலம் சொல்லியனுப்பினாள். தையல்நாயகிக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட வேண்டிய தெம்பு அவளிடம் இருந்ததில்லை. அடுத்த ஊர் எத்தனை மைல் என்று மட்டும் கேட்பாள். இப்படிப் பதினேழு வருஷம்.

வாங்கிக்கொள்ளாதவர்களின் பாரமும் தங்கிவிடவில்லை. அவர்கள் சாகும்போது அதுவும் கூடவே போய்விட்டது. சில காலைகளில் அவள் எழுந்திருக்கும்போது ஒரு தோள் இலேசாக இருக்கும். யாரோ எங்கேயோ காலமாகிவிட்டார், அவரோடு இன்னொருவரும் இரண்டாம் முறையாகப் போய்விட்டார் என்று அர்த்தம். யாரென்று தெரியாமலே அன்றைக்கு அவள் தலை முழுகுவாள்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளால் ஒரு சாதாரணக் கட்டிலில் படுக்க முடிந்தது. நாகப்பட்டினத்தில், கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில், இரண்டு அறையுள்ள ஒரு வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். மீன் வாங்கினார்கள், பல்வலி வந்தால் கிராம்பு வைத்தார்கள், வாசலில் கோலத்தை யார் போடுவது என்று சண்டை போட்டார்கள். மாசியில் ஒருநாள் அரிசிக்கடைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றபோது, மெலிந்த கிழவியான அவள், இருக்க வேண்டியதைவிட நான்கு ராத்தல்தான் கூடுதல் இருந்தாள்.

அந்த நான்கு ராத்தல் யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்த ஊர் என்றும் தெரியவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு தட்டி ஓரமாக நின்று சத்தமில்லாமல் அழுதுவிட்டுப் போன யாரோ ஒருத்தி. குழந்தைதான் தெரிந்தது. பெண் குழந்தை, மூன்று நாள் இருந்தது. வலது காதுமடலில் ஒரு மடிப்பு. ஒரே ஒரு தடவை தும்மியது. பேர் வைக்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை, புதைத்த இடம் வாழைத்தோப்பு. அந்தத் தாயைத் தேடி அவள் எத்தனையோ ஊரில் முகங்களைப் பார்த்தாள். எந்த முகத்துக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை.

“இந்நேரம் அவளுக்கும் வயசாயிருக்கும்,” என்றாள் மரியபுஷ்பம், கருவாட்டைக் கழுவிக்கொண்டே. “இன்னிக்கோ நாளைக்கோ அவ கண்ண மூடினா இதுவும் போயிரும். நீ நிம்மதியாப் படுக்கலாம்.”

“அதுதான் பயமாயிருக்கு,” என்றாள் தையல்நாயகி. “அவ ஏற்கெனவே மறந்துட்டா. அவளும் போயிட்டா, அந்தக் குழந்தை தும்மினது யாருக்குமே தெரியாது.”

“எங்கிட்டச் சொல்லிரு. நான் வச்சுக்கறேன். நாலு ராத்தல்தான.”

“வேண்டாம் புஷ்பம். உனக்கு வயசு அறுபத்தொன்னு. மூட்டுவலி வேற.”

அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு சுவரோரமாக, உதவி இல்லாமல், தானாகவே தரையில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷம் ஊர் ஊராக, துணிப்பொம்மையை வைத்துக்கொண்டு எத்தனையோ பேரை அழவைத்தவள், தனக்கென்று ஒரு பொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மடியில் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். “கமலி,” என்றாள், பேர் வைக்காத அந்தக் குழந்தைக்கு அப்போதுதான் தோன்றிய பெயர். காதுமடலை ஒரு விரலால் நீவிவிடுவதுபோலக் காற்றில் விரலை அசைத்தாள்.

மரியபுஷ்பம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“தையலு. அழுகுதியா?”

“ஆமா,” என்றாள் அவள். “கொஞ்சம் நேரமாகும் போலிருக்கு. நீ சாப்பிடு.”